அது தண்ணி டிரம்

பத்து வயதில் மற்ற பிள்ளைகள் பேய்க்கும் தெருநாய்க்கும் கணக்கு டீச்சருக்கும் பயந்தார்கள். நான் ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிரம்முக்குப் பயந்தேன். அந்த டிரம்மைத் தயார் செய்தவர் என் தாய்மாமா. அதை ஒட்டி நின்று தினமும் சாயங்காலம் பஜ்ஜி போட்டவள் என் அம்மா. இருவருமே வேண்டப்பட்டவர்களாகப் போய்விட்டதால் என் பயத்துக்கு வீட்டில் மரியாதை கிடைக்கவில்லை.

மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் போகும் தெருவில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் அம்மாவின் வண்டி நிற்கும். அப்பா வடபழனிப் பக்கம் சினிமாவுக்கு செட் போடுகிற தச்சர். வேலை இருந்தால் வீட்டுக்கு வரமாட்டார், வேலை இல்லாவிட்டால் வீட்டை விட்டு அசைய மாட்டார். ஆகவே எங்கள் குடும்பம் ஓடியது அந்த வண்டியை நம்பித்தான்.

அது பிறவியில் மீன் கூடை ஏற்றிப் போன மூன்று சக்கர சைக்கிள். பைக்குகளுக்கு வெல்டிங் வைக்கிற பட்டறையில் இருந்த மாமா, அதை ஒரே மாதத்தில் சமையலறையாக மாற்றினார். காற்று மறைக்க மூன்று பக்கமும் எண்ணெய் டின்னை வெட்டி விரித்த தகடு. மாவு வாளியைத் தொங்கவிட ஹேண்டில்பாரில் ஒரு கொக்கி. வாழைக்காய் சீவும் கட்டைக்கு ஒரு கீல், வேலை முடிந்ததும் மடித்துவிடலாம். கூரைக்கு ஒரு நகைக்கடை விளம்பரத்தின் கிழிந்த ஃப்ளெக்ஸ். அதிலிருந்த கல்யாணப் பெண்ணின் முகத்தில் பாதிதான் எங்கள் கூரைக்குத் தேவைப்பட்டது. அண்ணாந்து பார்த்தால் மை தீட்டிய ஒற்றைக் கண் எண்ணெய்ச் சட்டியையே பார்த்துக்கொண்டிருக்கும். மழை நாளில் மட்டும் பலகையிலிருந்து பழைய மீன் வாடை லேசாக எழும். அதற்கு மாமாவிடம் வைத்தியம் இல்லை.

இவ்வளவு செய்த மாமாவுக்கு ஒரே ஒரு சிக்கல். வீட்டுக்குக் கொடுக்கிற சிவப்பு சிலிண்டரை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது. வியாபாரத்துக்கென்று நீல சிலிண்டர் இருக்கிறது. அதை வாங்கப் போனால் கடை விலாசம் கேட்டார்கள். மூன்று சக்கரத்துக்கு ஏது விலாசம்? தூங்குமூஞ்சி மரத்தடி என்று எழுதிக் கொடுத்தால் சிரிப்பார்கள். ஆகவே வீட்டு சிலிண்டரே தெருவுக்கு வந்தது. அது யார் கண்ணிலும் படாமல் இருக்க டிரம் வந்தது.

மாமாவின் மூளை வேலை செய்த விதத்தை இப்போது நினைத்தாலும் ஒரு பக்கம் பெருமையாகத்தான் இருக்கிறது. டிரம்முக்குள் சிலிண்டர். சிலிண்டரின் தலைக்கு மேலே, டிரம்மின் வாய்க்கு அளவெடுத்தது போல் பொருந்துகிற ஒரு பேசின். பேசின் நிறையத் தண்ணீர், அதில் மிதக்கிற ஒரு பிளாஸ்டிக் மக்கு. மூடியைத் திறக்கிறவனுக்குத் தண்ணீர்தான் தெரியும். டிரம்மின் பின்பக்கம், அடியில், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு. சிலிண்டரிலிருந்து இறங்குகிற ஆரஞ்சு நிற கேஸ் டியூப் அந்த இடத்தில் மடங்கி வெளியே வந்து, தகட்டுக்குப் பின்னால் ஏறி அடுப்புக்குப் போகும்.

"தொறந்து பாத்தாலும் தண்ணி. எவன் கண்டுபுடிப்பான், சொல்லுக்கா" என்று மாமா முதல் நாளே சவால் விட்டார். அம்மா சிரித்தாள். அவள் சிரித்தால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

அந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை. பேசின் நாலு விரல் ஆழம்தான். பஜ்ஜி தின்றவர்கள் கை கழுவ மக்கை வேகமாக அமுக்கினால் அது உடனே தரை தட்டி டொக்கென்று சத்தம் போடும். நாளடைவில் எல்லோருமே மேலாக மொண்டு கழுவப் பழகிவிட்டார்கள்.

எல்லோரும் என்றால், ஆபீசர் உட்பட. எந்த ஆபீஸ் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஆபீசர் என்றால் ஆபீசர், அவ்வளவுதான். வாரத்தில் நாலு நாளாவது ஸ்கூட்டரில் வருவார். கனத்த மீசை, கக்கத்தில் ஒரு ரெக்சின் பை. அவரைக் கண்டதும் அம்மா முந்தானையை இழுத்துச் செருகுவாள். பேச்சு நின்றுவிடும். அவர் டிரம் மூடியைத் திறந்து கை கழுவுவார். வெங்காய பஜ்ஜி ஒன்று, வாழைக்காய் பஜ்ஜி ஒன்று, நின்றபடியே சாப்பிடுவார். ஸ்கூட்டரை எடுக்கும்போது தவறாமல் ஒரு வார்த்தை சொல்வார்: "அந்தத் தண்ணி டிரம்ம கொஞ்சம் உள்ள தள்ளி வைம்மா, நடக்குறவங்களுக்கு இடிக்கும்."

அம்மா சரிங்க சார் என்பாள். டிரம் இருந்த இடத்திலேயே இருக்கும். மறுமுறை வரும்போது அவர் அதையே சொல்வார், அம்மாவும் அதையே சொல்வாள். மனிதருக்கு ஞாபகமறதி என்று நினைத்து நான் அவருக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டேன்.

இதெல்லாம் பயம் வருவதற்கு முன்பு. பயம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சிவப்பு வண்டியில் ஏறி வந்தது.

தீ விபத்தைப் பற்றிச் சொல்லித்தர இரண்டு தீயணைப்பு வீரர்கள் வந்திருந்தார்கள். எல்லோரையும் மைதானத்தில் உட்கார வைத்து, ஒரு இரும்புத் தொட்டியில் தீ மூட்டி, ஈரச் சாக்கைப் போட்டு அணைத்துக் காட்டினார்கள். கை தட்டினோம். பிறகு அவர்களில் பெரியவர் சமையல் கேஸைப் பற்றிப் பேசினார். கேஸ் காற்றைவிடக் கனமானது, புகை மாதிரி மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும் என்றார். சிலிண்டரை மூடிய இடத்தில் வைக்கவே கூடாது, பெட்டிக்குள்ளோ பீரோவுக்குள்ளோ வைத்தால் அது குண்டு என்றார். டிரம் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. 

வாசனை வந்தால் மூன்று காரியம் செய்ய வேண்டும் என்று எங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். ஸ்விட்சைத் தொடக் கூடாது. ஜன்னலைத் திறக்க வேண்டும். பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். நான் எழுந்து, பெரியவங்க கேக்கலன்னா என்று கேட்டேன். சபை சிரித்தது. அவர் சிரிக்காமல், "இன்னொரு பெரியவங்ககிட்ட சொல்லணும். கேக்குற வரைக்கும் சொல்லணும்" என்றார்.

எங்கள் வண்டியில் ஸ்விட்சும் இல்லை, ஜன்னலும் இல்லை. எனக்கு மிச்சமிருந்தது மூன்றாவது காரியம் மட்டும்தான்.

அன்று சாயங்காலம் நான் வழக்கமாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் இடத்தைப் புதிதாகப் பார்த்தேன். டிரம்முக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட தக்காளிக் கூடை. டிரம்மின் வெட்டு என் முழங்காலுக்கு நேராக இருந்தது. நோட்டைக் கீழே போட்டுவிட்டு எடுக்கிற மாதிரி குனிந்தேன். இருந்தது. அழுகின முட்டைக்கோஸ் மாதிரி ஒரு வாசனை, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு. நிமிர்ந்தால் போய்விட்டது. குனிந்தால் மறுபடி வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒரு கையால் பஜ்ஜியைத் திருப்பிக்கொண்டே மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். எண்ணெய்ப் புகைக்குள்ளேயே நிற்கிற மூக்குக்கு என்ன தெரியும்? "கால்வா நாத்தம்டி அது. மழ வரப்போவுது" என்றாள். கால்வாய் பக்கத்திலேயே இருந்தது, அது நாறவும் செய்தது. அதனால் நான் மேற்கொண்டு வாதாட முடியவில்லை.

அடுத்த பெரியவர் மாமா. ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி எங்கள் சந்தில் நின்றிருந்தது. நான் தீயணைப்புக்காரர் சொன்னதையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். மாமா கடைசிவரை கேட்டார், அதைச் சொல்ல வேண்டும். பிறகு சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். டிரம்மின் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு குச்சியை உரசி, அந்த வெட்டுக்கு நேராகப் பிடித்தார்.

நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சந்தின் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டேன். குச்சி அவர் விரல்வரைக்கும் எரிந்து அணைந்தது. "இன்னா பாப்பா, வெடிச்சுதா?" என்று கேட்டார். வெடிக்கவில்லை. என் பாவாடைதான் நனைந்திருந்தது. மாமா அதைப் பார்த்தார், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரியிலிருந்து ரெகுலேட்டர் மூடியே இருந்தது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களைத்தான் நான் சுலபமாகச் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள். அவள் கை லைட்டரை எடுத்ததுமே நான் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கத்து இஸ்திரி வண்டிக்குப் பின்னால் போய் நின்று கண்ணை மூடிக்கொள்வேன். டிக், டிக், டிக். மூன்றாவது டிக்கில் அடுப்பு பற்றுகிற சத்தம் தெருவைத் தாண்டிக் கேட்கும். கண்ணைத் திறந்தால் அம்மா அங்கேயே நின்று மாவைக் கலக்கிக்கொண்டிருப்பாள். அவள் இருக்கிறாள் என்கிற சந்தோஷத்தில் எனக்கு அழுகை வரும்.

நாலு நாள் இப்படிச் செய்தேன். ஐந்தாம் நாள் எனக்கே அசிங்கமாக இருந்தது. அம்மாவை அங்கே விட்டுவிட்டு நான் மட்டும் தப்பித்துக்கொள்கிறேன் என்று உறைத்தது. அன்றிலிருந்து அவள் லைட்டரை எடுக்கும்போது ஓடிப்போய் அவள் புடவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வெடித்தால் இரண்டு பேரும் சேர்ந்தே போவோம் என்பது என் திட்டம். அம்மாவுக்கு அது தெரியாது. "இன்னாடி பண்ணிக்கினு கீற? எண்ண காயிது, புடவைய வுடு" என்று முழங்கையால் தள்ளுவாள். நான் விடமாட்டேன்.

என்னுடைய மூன்றாவது பெரியவர் யார் என்பதை அந்த வாரம் முழுக்க யோசித்தேன். அப்பா வேலையில் இருந்தார், அதாவது வீட்டில் இல்லை. இஸ்திரிக்காரர் தன் கரியைத் தவிர எதையும் நம்பாதவர். அம்மாவைப் பேச்சு நிறுத்த வைக்கிற ஒரே மனிதர் அந்த ஆபீசர்தான். அவர் சொன்னால் அம்மா கேட்பாள். அவரிடம் பேசுவதற்கும் எனக்குப் பயம்தான். டிரம் பயத்தையும் மீசை பயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டிரம்தான் பெரிதாக இருந்தது.

அதற்கடுத்து அவர் வந்த நாளில் மழை. பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள் எல்லாம் ஃப்ளெக்ஸுக்கு அடியில் ஒதுங்கிக்கொண்டு பஜ்ஜி கேட்டார்கள். சாரல் அடித்ததால் அம்மா நாலாவது பக்கத்தையும் இடுப்பளவுக்கு ஒரு தார்ப்பாயால் மறைத்திருந்தாள். பின்னால் கூடையில் இருந்த எனக்கு அந்த வாசனை அன்று குனியாமலே வந்தது. தலை வலித்தது. எழுந்து முன்பக்கம் ஓடினேன்.

அங்கே குடையோடு ஆபீசர் நின்றிருந்தார். தனியாக இல்லை. அவர் பிடித்திருந்த குடைக்கு அடியில் ஒரு பெண், காட்டன் புடவை, கையில் ஒரு நீளமான நோட்டு. அந்தப் பெண் அவரைவிடப் பெரிய ஆபீசர் என்பது நம் ஆபீசர் நனைந்துகொண்டு நின்றதிலேயே தெரிந்தது. அன்று அவர் மூடியைத் திறக்கவில்லை, கை கழுவவில்லை. அம்மாவும் பஜ்ஜி கொடுக்கவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் முதல்முறையாகப் பார்க்கிறவர்கள் போல நின்றார்கள்.

மேடம் கோபக்காரராகத் தெரியவில்லை. நடைபாதையை அடைக்காமல் வண்டியை மரத்தை ஒட்டி நகர்த்த வேண்டும், பெயரைப் பதிந்து அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மேடம் நோட்டை மூடினார். திரும்பப் போகிற மாதிரி ஒரு அடி எடுத்து வைத்தார்.

அவர்கள் போய்விடுவார்கள், அம்மா மறுபடி அடுப்பைப் பெரிதாக்குவாள். என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சார், டிரம்முக்குள்ள சிலிண்டர் கீது சார். கேஸ் வாசன வருது. வெடிச்சிடும், எங்கம்மாகிட்ட எடுக்கச் சொல்லுங்க."

ஆபீசர் என்னைப் பார்த்தார். அதற்கு முன் அவர் என்னைப் பார்த்ததே இல்லை. "அது தண்ணி டிரம் பாப்பா" என்றார்.

இவருக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். இல்லை சார், தண்ணி மேலே மட்டும்தான், சிலிண்டர் கீழே இருக்கிறது என்று விளக்கினேன். அவர் குனிந்து மூடியைத் திறந்தார். மக்கை எடுத்து, மேலாக, மிகவும் மேலாக மொண்டு, மழை பெய்கிற தரையில் ஊற்றினார். "பாரு. தண்ணி. தண்ணி டிரம்தான் பாப்பா."

"இல்ல சார்..."

"போய்ப் படி பாப்பா." அந்த மூன்றாவது முறை அவர் குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. ஒரு பெரிய மீசை என்னிடம் கெஞ்சுமா என்ன? எனக்குக் குழப்பமாக இருந்தது. அம்மாவைப் பார்த்தேன். அவள் அரிகரண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். சட்டியில் பஜ்ஜி கருகிக்கொண்டிருந்தது, அதை அவள் எடுக்கவில்லை.

கேட்கிற வரைக்கும் சொல்ல வேண்டும் என்றுதானே அந்தத் தீயணைப்புக்காரர் சொன்னார். சொல்லிப் புரியாதவர்களுக்குக் காட்ட வேண்டியதுதான். பேசினின் விளிம்பில் இரண்டு கையையும் கொடுத்து என் பலம் முழுவதையும் போட்டுத் தூக்கினேன். பேசின் ஒரு பக்கமாகச் சரிந்து, தண்ணீர் முழுக்க மேடத்தின் செருப்பில் கொட்டியது. உள்ளே சிவப்பாக இருந்தது. அந்த வாசனை குபீரென்று மேலே வந்தது. மேடமே ஒரு அடி பின்னால் போய் மூக்கை மூடிக்கொண்டார்.

அம்மாதான் முதலில் அசைந்தாள். அடுப்பை அணைத்தாள், கையை உள்ளே விட்டு ரெகுலேட்டரைத் திருகி மூடினாள். பஜ்ஜிக்கு நின்றவர்கள் மழையையும் பார்க்காமல் கலைந்து போனார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் அமைதியாகவே நடந்தது. மேடம் யாரையும் திட்டவில்லை. போனில் கூப்பிட்டார், கொஞ்ச நேரத்தில் லாரி வந்தது. ஆபீசர் தானே ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு, கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியை யார் மேலும் படாமல் இறக்கிவைத்தார். அம்மா அடுப்பிலிருந்தும் சிலிண்டரிலிருந்தும் டியூபைப் பிடுங்கி, ரெகுலேட்டரோடு சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். வண்டிக்காரர்கள் எல்லோருமே லாரி வந்தால் முதலில் காப்பாற்றுவது ரெகுலேட்டரைத்தான். சிலிண்டரை ஏற்றினார்கள், அடுப்பை ஏற்றினார்கள், கடைசியில் மாமாவின் வண்டியை நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள். கல்யாணப் பெண்ணின் கண் லாரியின் மேலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே போயிற்று.

மேடம் ஜீப்புக்குப் போன பிறகு ஆபீசர் அம்மாவிடம் வந்தார். மெதுவாகத்தான் பேசினார், ஆனால் நான் பக்கத்தில் இருந்தேன்.

"பாக்காத வரைக்கும்தாம்மா என்னால ஏதாச்சும் பண்ண முடியும். பாத்தப்புறம் நான் இன்னா பண்றது?"

அவருக்கு அன்று பஜ்ஜி கொடுக்கவில்லையே என்று நினைத்தாளோ என்னவோ, கீழே இருந்த சட்டியை அம்மா ஒரு முறை பார்த்தாள். நாலு விரல் ஆழத் தண்ணீரில் மக்கு முட்டாமல் மொண்டு கை கழுவத் தெரிந்த மனிதருக்கு, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமலா இருந்திருக்கும்? அந்த டிரம் சிலிண்டரை மறைக்க வைத்ததே இல்லை. பார்த்தவர்கள் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ள அம்மா செய்து கொடுத்த வசதி அது. வந்தவர் போனவர் எல்லோரும் அதைப் பத்திரமாகக் காப்பாற்றி வந்தார்கள். மூன்று முறை அவர் எனக்கு வழி காட்டினார். நான் அவரை ஒரு மக்கு என்று முடிவு கட்டியிருந்தேன்.

அன்று வீட்டுக்கு நடந்தபோது நான் சந்தோஷமாக இருந்தேன். இதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். மாவு வாளி என் கையில் இருந்தது, அம்மா முன்னால் நடந்தாள், அவள் முழுசாக இருந்தாள், டிரம் இல்லை. பத்து நாளாக அப்படி ஒரு மூச்சு நான் விட்டதில்லை.

வீட்டுக்குப் போன பிறகு வேறொரு பயம் ஆரம்பித்தது. மறுநாள் காலை அம்மா அந்த டியூபை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் வளைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அரிவாள்மணையில் வைத்து ஒரு முழ நீளத்துக்கு வெட்டினாள். வெட்டிய துண்டைச் சமையல் மேடைக்கு மேலே இருந்த ஸ்லாபில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைத்தாள். மிச்சத்தைக் குப்பையில் போட்டாள்.

எங்கள் சந்தில் பிள்ளைகளை அடிப்பதற்குக் கேஸ் டியூப் பிரசித்தம். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கெண்டைக்காலில் அதன் தடம் ஒரு வாரம் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். என் துண்டு தயாராகிவிட்டது என்று புரிந்துகொண்டேன். இன்றைக்கா, நாளைக்கா என்று தெரியவில்லை. மார்க் குறைந்த நாளெல்லாம், தண்ணீர்க் குடத்தை நழுவவிட்ட நாளெல்லாம், முதலில் அந்த ஸ்லாபைத்தான் பார்ப்பேன். அம்மா அதைத் தொடவில்லை. தொடாததால் பயம் வளர்ந்ததே தவிர குறையவில்லை.

வண்டி திரும்பி வரவில்லை. லாரி கொண்டுபோன இடத்துக்கு மாமா இரண்டு முறை போய் அலைந்தார். மூன்றாவது முறை போனபோது சக்கரமில்லாமல் கிடந்ததாகச் சொல்லி, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, கலெக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார். "கலெக்டரம்மா வந்துட்டாங்க, டிரம்மலாம் ஒளிச்சு வையுங்க" என்று சொந்தக்காரர்கள் நடுவில் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். "நான் தொட்டுப் பாத்து போட்ட டியூபு, அதுல லீக்காம்" என்றும் சொல்வார். அம்மா சிரிக்க மாட்டாள். ஆனால் எனக்காக ஒரு வார்த்தையும் பேசமாட்டாள். அவளுக்கு என்மேல் ஆறாத கோபம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அம்மா அடையாறில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். விடிவதற்கு முன் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவாள். அவளிடம் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. வீட்டில் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் சிலிண்டர் பக்கத்தில் முட்டி போட்டு, தரையில் முகம் படுகிற அளவுக்குக் குனிவாள். ஒரு நிமிஷம் அப்படியே இருப்பாள். பிறகு எழுந்து லைட்டரை எடுப்பாள். வண்டி போன துக்கத்தில் பக்தி வந்துவிட்டது, அடுப்பைக் கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். விடுதியிலும் அப்படித்தான் செய்கிறாளாம், மற்ற சமையல்காரிகள் கேலி செய்கிறார்களாம். எனக்குக் கூச்சமாக இருந்தது. தோழிகள் வீட்டுக்கு வந்திருக்கும்போது அவள் அடுப்புப் பக்கம் போனால் நான் அவர்களை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவேன்.

எனக்குக் கல்யாணமாகி நங்கநல்லூருக்குக் குடித்தனம் போகும்போது, கொடுத்தனுப்ப ஏதோ பாத்திரம் தேடி அம்மா என்னை ஸ்டூலில் ஏறி ஸ்லாபைப் பார்க்கச் சொன்னாள். அரிசி டின்னுக்குப் பின்னால் அந்தத் துண்டு இருந்தது. ஆரஞ்சு நிறம் வெளுத்து, ஒட்டடை படிந்து, இறுகிப் போயிருந்தது. எத்தனை வருடம் இதற்குப் பயந்தேன் என்று சிரிப்பு வந்தது. விளையாட்டாக அதை வளைத்தேன். மடிப்பு விழுந்த இடத்தில் அது பிளந்துகொண்டது. மேலே வெறும் கோடாகத் தெரிந்த வெடிப்பு, உள்வரைக்கும் போயிருந்தது. டிரம்மின் வெட்டு உரசிக்கொண்டே இருந்த இடம் அது. மாமா தொட்டுப் பார்த்துப் போட்ட டியூப்.

அம்மா இதை அந்த முதல் காலையிலேயே வெளிச்சத்தில் பார்த்துவிட்டாள். தன் தம்பியிடம் காட்டவில்லை, காட்டியிருந்தால் அவர் தலை தூக்கியிருக்க மாட்டார். என்னிடமும் காட்டவில்லை. தூக்கிப் போடவும் இல்லை.

ஸ்டூலிலிருந்து இறங்காமல், அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். கீழே அம்மா எனக்குக் காபி போட லைட்டரை எடுத்தாள். எடுத்தவள் வழக்கம்போல முட்டி போட்டு, சிலிண்டர் ஓரமாகத் தரைவரைக்கும் குனிந்தாள். வீடு அமைதியாக இருந்ததால் அன்று எனக்கு அது கேட்டது. அவள் மூச்சை இழுத்தாள். கொஞ்சம் நகர்ந்து மறுபடி இழுத்தாள். தக்காளிக் கூடையிலிருந்து குனிந்தபோது என் மூக்கு இருந்த உயரம் அது. கும்பிடுகிறவர்கள் மூச்சை இழுத்து மோந்து பார்ப்பதில்லை என்று இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.